இருபத்திமூன்றாவது வரி

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
கீழே பவுண் நிறுக்கிறார்கள்.
மேலே நான் ஆளிகளைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன்.

ஐந்து ஆளி.
காற்று எச்சரிக்கை. இருக்கும் இடம். வீட்டுக்குத் தகவல்.
சத்தம் வேண்டாம். சார்ஜ் சேமிப்பு.
ஐந்துதானே என்றான் கஜரூபன், எழுதினவன்.
ஐந்துதான்.
ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதை இரட்டித்து
முப்பத்திரண்டு வரியாய் என் கொப்பியில் கிடக்கிறது.

"உதில நாலைத்தான் சனம் பாவிக்கும்.
மிச்சத்தை விடும்."
எனக்குச் சம்பளமே மிச்சத்துக்குத்தான்.

எல்லாம் அணைந்த முதல் வரியைப் பிறகு பார்ப்போம் என்று தாண்டி
ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கி
மதியச் சோற்றுப் பார்சல் ஆறும் வரை தட்டினேன்.
சரி. சரி. சரி.
இருபத்திமூன்று:
காற்று உண்டு, இடம் இல்லை, வீடு உண்டு,
சத்தம் வேண்டாம், சேமிப்பு இல்லை.
'மனைவி' என்று பெயர் ஒட்டிய மற்றப் போனில்
ஒரு செய்தி வந்து விழுந்தது.

அவர் இப்போது இருக்கும் இடம்:

அவ்வளவுதான்.
முக்காற்புள்ளி, அதன்பின் வெள்ளை.
முக்கால் சொல்லி
மிச்சக் காலைக் கடலில் விட்டதுபோல.
இந்த ஊரில்
அந்த வெள்ளையை ஒரு பெண்ணுக்கும் நான் அனுப்பமாட்டேன்.
சிவப்பால் குறித்தேன்.

"லேசு" என்றான் கஜரூபன்.
"வீட்டைப் போட்டா இடமும் தன்பாட்டில விழட்டும்.
உமக்கும் எட்டு வரி மிச்சம்."

ஆசையாய்த்தான் இருந்தது.
ஆனால் வெள்ளோட்டத்துக்குக் கொடுத்த நாற்பது போனில்
பதினொன்று அந்த வரியிலேயே நிற்கிறது.

பாசையூருக்கு ஸ்கூட்டியில் போனேன்.
யூட் றெஜினோல்ட் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்.
கயிறு தின்ற பெருவிரலைத் திரை அறியாதாம்;
விரல் மடித்து மொழியால் தட்டிக் காட்டினார்.

"இடத்தைப் போட்டா, தங்கச்சி,
நாளைக்கு என்ர நண்டுக்கு முன்னால
ஆற்றையோ வலை நிக்கும்.
மெற்றில்டாவுக்கு இடம் என்னத்துக்கு?
நான் இருக்கிறன் எண்டாக் காணும்."

சத்தம்?
"உச்சி வெயிலுக்குத்தான் நான் படுக்கிறது,
உது கத்தினா நித்திரை போச்சு."
ஒரு நண்டின் காலைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:
"ஆனாக் காத்து வந்தாக் கத்தத்தானே வேணும்."

வேண்டாம் என்றதற்குள்ளே ஒரு வேணும்.
அதற்கு எங்களிடம் ஆளி இல்லை.

திரும்பி வந்து எழுதினேன்:
இரண்டையும் பிணைக்காதே.
சத்தம் வேண்டாம் என்றாலும் சூறைக்கு வாய் திற.
இடம் தெரியாவிட்டால் இடம் என்ற சொல்லையே எடுக்காதே.

மூன்று நாள் கஜரூபன் என்னோடு கதைக்கவில்லை.
நாலாம் நாள் செய்து தந்தான்.
'மனைவி'க்கு இப்போது வருவது:
கடைசியாகப் போனைத் தொட்டார், அதிகாலை 2.14.

பச்சை.

மிஞ்சியது முதல் வரி.
காற்றும் வேண்டாம் வீடும் வேண்டாம்
ஒன்றும் வேண்டாம் என்று
ஐந்தையும் அணைத்துவிட்டு ஒருவர் போகலாம்.
ஏன் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.
செயலிக்கும் இல்லை.
ஆனால் அது
ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு எழும்பிக் கேட்கிறது:
நிச்சயமாகவா?

சும்மா இருக்கத் தெரியவில்லை அதற்கு.
சிவப்பால் குறித்துவிட்டு
ரீ குடிக்க இறங்குகிறேன்.